அம்மாவுக்குத் தெரிந்த பாதிச் சங்கீதம்

போன வாரம் நம்ம பழைய ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் போன் குழுவில் ஒருவர், "ஆளுக்கொரு சங்கீதம் மனப்பாடமாச் சொல்லிக் கொரல் பதிஞ்சி அனுப்புங்க, யாருக்கு ஞாபகம் இருக்குன்னு பாப்போம்" என்று போட்டிருந்தார். யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் வருஷா வருஷம் முதல் பரிசு வாங்கியவர்தான். பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. நானும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வேதாகமத்து நூற்றிருபத்தோராம் சங்கீதத்தைச் சொல்லி அனுப்பினேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. "அக்கா, நாலு வசனந்தான் கேக்குது. நடுவுல நடுவுல சத்தமே இல்ல. போன் பழுதா, இல்ல வயசாயிடிச்சா?"

வயசாகிவிட்டதுதான். உங்களுக்கு மட்டும் என்ன வாழுதாம்? போன கிறிஸ்துமசுக்குக் கோயில் படியேற உங்களை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்ததை நான் பார்க்கவில்லையா? ஆனால் பாதி வசனம் காணாமல் போனதற்கு வயசு காரணமில்லை. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நடந்த ஒரு கொக்கோக் காலம்தான் காரணம். நீங்கள் எல்லாரும் அப்போது பிள்ளைகளுக்கு விரித்த பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். கோயிலுக்குள் நடந்ததைப் பார்த்தீர்கள். எங்கள் வீட்டுக்குள் நடந்ததை நான் சொல்கிறேன்.

சங்கீதம் வாசிப்பது அப்போது எப்படி என்று ஞாபகம் இருக்கிறதா? ஆண்கள் பக்கம் ஒரு வசனம், பெண்கள் பக்கம் ஒரு வசனம். ஒன்று, மூன்று, ஐந்து அவர்களுக்கு. இரண்டு, நாலு, ஆறு நமக்கு. ஆண்கள் தடதடவென்று ஆரம்பித்துக் கடைசிச் சொல்லில் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். பெண்கள் மெதுவாக ஆரம்பித்தாலும் ஒன்றாகப் போய்ச் சேர்வோம். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. இது உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது, ஏனென்றால் கறுப்பு அட்டை வேதாகமத்தை மடியில் திறந்து வைத்துக்கொண்டு, தலையில் முக்காட்டோடு அவள் உட்காரும் அழகைப் பார்த்தால் போதகரம்மாவே தோற்றுவிடுவார். அது எப்போதும் ஒரே பக்கத்தில்தான் திறந்திருக்கும். மற்றதெல்லாம் மனப்பாடம். ஆனால் வாயால் சொன்னது மட்டும்தான் அவளுக்குப் பாடமானது. ஆண்கள் சொல்லும்போது தன் முறை வந்துவிடுமே என்று தன் வசனத்தை உள்ளுக்குள் தயார் பண்ணிக்கொண்டிருப்பாள். அதனால் எந்தச் சங்கீதம் கேட்டாலும் இரண்டு, நாலு, ஆறு. சின்னப் பிள்ளையாக அவள் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்த எனக்கும் அதே பாதிதான் பாடம்.

அப்பா லொறி டிரைவர். மாத்தளை டவுனில் மிளகு, பாக்கு, கராம்பு வாங்கி விற்கிற முஸ்லிம் முதலாளி ஒருவரிடம் வேலை. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் ஆண்கள் பக்க வசனத்துக்கு மேலே அவர் சிரமப்பட்டதில்லை. ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் இரண்டறை வீட்டில் தினமும் பொழுதுபட்டதும் ஜெபம். அப்பா சுவரில் சாய்ந்து முதல் வசனம் சொல்லுவார், அம்மா அடுப்பெரியும் குசினி வாசலில் இருந்து இரண்டாவது சொல்லுவாள், நான் அம்மாவோடு சேர்ந்துகொள்ளுவேன். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் எங்கள் வீட்டில் ஒரு முழுச் சங்கீதம். நூற்றிருபத்தொன்றுதான் அடிக்கடி. அது வழிப்பயணம் போகிறவர்களுக்கான சங்கீதம் என்று அப்பாவுக்கு ஒரு எண்ணம். மலையைப் பார்த்துக் கண்ணைத் தூக்குகிற முதல் வசனம் அவருடையது. ஒத்தாசை மலையிலிருந்து இல்லை, மலையை உண்டாக்கினவரிடமிருந்து என்று சொல்கிற இரண்டாவது அம்மாவுடையது. ஒவ்வொரு நாளும் அம்மா அப்பாவைத் திருத்துகிற மாதிரி இருக்கும், எனக்குச் சிரிப்பு வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அப்பா ஒரு காலத்தில் குடித்தவர். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று என்னைக் கையில் வைத்துக்கொண்டு, சபைக்கு முன்னால் நின்று, இனித் தொடமாட்டேன் என்று சொன்னார். அதற்குப் பிறகு எட்டு வருஷம் தொடவில்லை. ஆனால் ஊர் அப்படி மறந்துவிடுமா? நல்ல ஆள்தான், முந்திக் குடிச்சவன் என்று இரண்டாவது பாதியையும் சேர்த்துத்தான் சொல்லுவார்கள்.

அந்த வருஷம்தான் முதலாளி புதிதாகக் கொக்கோவில் இறங்கினார். அதுவரை அப்பா ஏற்றியதெல்லாம் காய்ந்த சாமான். இப்போது பல்லேபொலப் பக்கத்துத் தோட்டங்களில் காயை உடைத்து எடுத்த பச்சைக் கொட்டையை, ஈரத்தோடு சாக்கில் கட்டி உடனே கொண்டுவர வேண்டும். முதல் வாரத்திலேயே, அம்மா ஒரு பிள்ளைப்பேற்றுக்கு ஒத்தாசைக்குப் போயிருந்த வெள்ளிக்கிழமை, அப்பா என்னை லொறியில் ஏற்றிக்கொண்டார். அம்மாவுக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும். அந்த ரோட்டு வளைவுகளில் பிள்ளையை ஏற்றவே கூடாது என்பது அவளுடைய கட்டளை.

அடேயப்பா, என்ன ஒரு நாள் அது! காயை உடைத்ததும் உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சதை. வாயில் போட்டால் புளிப்பும் இனிப்புமாக வழுக்கும். திரும்பி வரும்போது சாக்கெல்லாம் வடியத் தொடங்கிவிட்டது. சாக்கை மூடிய படங்குக்கு அடியிலிருந்து சாறு ஒழுகி, ஆசனத்துக்குப் பின்னால் தொங்கிய அப்பாவின் துணிப்பை வரைக்கும் நனைந்தது. வெயில் ஏற ஏற ஒரு மணம் கிளம்பியது. கள்ளுத் தவறணைப் பக்கம் போகும்போது அம்மா என் மூக்கைப் பொத்துவாளே, அதே மணம். நான் மூக்கைச் சுழித்தேன். அப்பா சிரித்தார். "கொக்கோ புளிக்கிதும்மா" என்றார். ஒரு காயின் பாதி ஓட்டைக் கழுவி என்னிடம் விளையாடக் கொடுத்தார். வீட்டுக்குத் திரும்புகிற முடக்கில் இறக்கிவிடும்போது, விரலை உதட்டில் வைத்து, "அம்மாகிட்ட சொல்லிடாத, என்னா?" என்றார். நான் சத்தியம் பண்ணினேன்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து, போதகர் கையால் அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற நாள். பச்சைக் கொட்டை காத்திருக்காது என்று விடியற்காலையிலேயே அப்பா ஒரு லோடு ஏற்றி இறக்கிவிட்டு, தண்ணீர்க் குழாயில் முகம் கழுவி, அந்தத் துணிப்பையில் இருந்த சட்டையை மாட்டிக்கொண்டு நேரே கோயிலுக்கு வந்தார். நாங்கள் முன்னாலேயே போயிருந்தோம். பலிபீடத்துக்கு முன்னால் கம்பியருகே ஆண்கள் முழங்கால்படியிட்டார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் சபை மூப்பர். ஞாபகம் இருக்குமே, தோட்டத்துப் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர், கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு. அவர் மூக்கு ஒரு தரம் அசைந்தது. எழுந்து போய் போதகரின் காதில் ஏதோ சொன்னார். போதகர் சின்ன வயசு, வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கிண்ணத்தோடு வரிசையில் வந்தவர், அப்பாவைத் தாண்டி அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

 அப்பா நீட்டிய கையை மடக்கினார். பிறகு எழுந்து, பெண்கள் பக்கத்து ஓரமாக வெளியே நடந்தார். போகும்போது என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும், அந்த மணம் என்னவென்று அந்தக் கோயிலில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் லொறியில் போனதையும் சொல்ல வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இத்தனை வருஷத்தில் நான் வெட்கப்பட்ட காரியங்கள் பல. முதலிடம் அதற்குத்தான்.

 வீட்டுக்கு வந்ததும் அம்மா, அப்பா கழற்றிக் கொடியில் போட்டிருந்த சட்டையை எடுத்தாள். முகர்ந்தாள். அப்பா வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அந்தச் சட்டையை மற்ற உடுப்போடு சேர்க்காமல், தனி வாளியில் சலவைச்சோடா போட்டு ஊறவைத்தாள். அவ்வளவுதான். அவர் வாயைத் திறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பொழுதுபட்டதும் ஜெபத்துக்கு அப்பா வரவில்லை. வெளியே கல்லில் உட்கார்ந்து ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா குசினி வாசலில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். முதல் வசனம் அப்பாவுடையது. அவளுக்கு அது தெரியாது. அது சொல்லி முடிய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாள், பிறகு இரண்டாவதைச் சொன்னாள். மறுபடி பேசாமல் இருந்தாள், நாலாவதைச் சொன்னாள். இப்படி ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, ஆறு வாரம். அந்த இடைவெளிகளில் அடுப்பில் விறகு வெடிப்பது கேட்கும், வெளியே அப்பா செருமுவது கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அம்மாவும் மட்டும் கோயிலுக்குப் போனோம். அப்பா இனிமேல் சங்கீதமே சொல்லமாட்டாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

இதற்கு நடுவில்தான் நம்ம ஞாயிறு பள்ளி டீச்சர் அறுப்புப் பண்டிகைக்கு என்னை நூற்றிருபத்தொன்று ஒப்புவிக்கச் சொன்னார். நான் எழுந்து இரண்டாம் வசனத்திலிருந்து ஆரம்பித்து, நாலு, ஆறு, எட்டு என்று மூச்சு விடாமல் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "மத்தது எங்க புள்ள?" என்றார் டீச்சர். "மத்தது அப்பா சொல்றது டீச்சர்" என்றேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. டீச்சர் சிரிக்கவில்லை, ஒரு தாளில் எல்லா வசனத்தையும் எழுதிக் கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன், பாடமும் ஆனது. ஆனால் அப்பாவின் வசனத்தைச் சொல்லும்போதெல்லாம் அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் கதிரையில் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஒரு நாள் அம்மா அரிசிப் பெட்டியை நகர்த்திக் கூட்டும்போது அந்தக் கொக்கோ ஓடு உருண்டு வந்தது. "இது ஏதுடி?" என்றாள். நான் முழித்தேன். இரண்டாம் தரம் கேட்டாள், அழுதுவிட்டேன். லொறி, பல்லேபொல, சாறு வடிந்தது, சத்தியம், எல்லாம் கொட்டிவிட்டேன். "அம்மா, அப்பா குடிக்கலம்மா. கொக்கோ புளிச்சாக் கள்ளு மாதிரி மணக்குதும்மா." லொறியில் போனதற்கு அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அடி விழவில்லை. 

மறுநாள் முதல் தடவையாக அப்பாவின் பகல் சாப்பாட்டை அவளே கட்டி எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு முதலாளியின் ஸ்டோருக்கு நடந்தாள். பின்கட்டில் வரிசையாக மரப்பெட்டிகள். வாழையிலை போட்டு மூடியிருந்த இடத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மணம் முகத்தில் அடித்தது. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடவில்லை, நன்றாக இழுத்து மூச்சு விட்டாள்.

"வாங்க தங்கச்சி" என்று முதலாளி வந்தார். "அவர் லோடுக்குப் போன. இப்ப வந்துருவார்."

"இது என்னா மணம் மொதலாளி?"

"கொக்கோ தானே. பச்சக் கொட்டயப் பெட்டியில போட்டா புளிச்சிப் பொங்கும். சவர்க்காரம் போட்டுத் தேச்சாலும் இந்த மணம் போகாது. நானே ஜும்மாவுக்கு ரெண்டு தரம் குளிச்சிட்டுத்தான் போற. இல்லாட்டிப் பக்கத்துல தொழுற மனுசன் என்னயப் பத்தி என்ன நெனப்பான்?" வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மா சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "ஏன் தங்கச்சி, என்ன நடந்த?"

"ஒண்ணுமில்ல மொதலாளி" என்று சாப்பாட்டைப் பெட்டி மேல் வைத்துவிட்டு அம்மா விறுவிறுவென்று நடந்தாள். வழியெல்லாம் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை அப்பா வந்ததும், "என்னாங்க, நாளைக்கி நான் போதகரய்யாகிட்டப் போயி எல்லாத்தையும் சொல்லிடுறேன்" என்றாள்.

அப்பா காலைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அவங்க கெடக்கட்டும். மூப்பரு என்னயக் கண்டாரா, போதகரு என்னயக் கண்டாரா? எட்டு வருசமா நான் தொடாம இருக்கிறத என்கூட இருந்து பாத்தவ நீ. நீ என்னயக் கேக்கல. சட்டயக் கேட்ட."

 இரண்டு பேரும் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். அன்றும் அவர் கல்லில்தான் உட்கார்ந்தார்.

அறுப்புப் பண்டிகை வந்தது. தூணுக்குத் தூண் வாழைக்குலை, பலிபீடத்துப் படியில் பூசணி, மிளகுக் கொத்து, சிவப்பும் மஞ்சளுமாகக் கொக்கோக் காய். தோட்டத்துச் சபைக் குடும்பங்களின் காணிக்கையை ஏற்றிவர முதலாளி வருஷா வருஷம் லொறியைக் கொடுப்பார், டிரைவர் அப்பாதானே. இளைஞர்கள் சாமானை இறக்கினார்கள். அப்பா உள்ளே வரவில்லை. பெண்கள் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே லொறியை நிறுத்தி, எஞ்சின் மூடியைத் திறந்து, இல்லாத பழுதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். படியில் ஏறி நின்று, எந்தச் சங்கீதம் என்று சொன்னேன். அதோடு நின்றுவிட்டேன். முதல் வசனம் எனக்கு நன்றாகத் தெரியும். டீச்சர் முன்வரிசை வாங்கில் உட்கார்ந்து வாயசைத்துக் காட்டுகிறார். மறந்தேனா, வேண்டுமென்று செய்தேனா, இன்றுவரை எனக்கே தெரியாது. வீட்டில் அம்மா காத்திருப்பாளே, அந்த அளவு நேரம் காத்திருந்துவிட்டு இரண்டாவதைச் சத்தமாகச் சொன்னேன். மறுபடி நின்றேன். பாயில் நீங்கள் கிசுகிசுக்கத் தொடங்கினீர்கள். மூப்பர் செருமினார். "புள்ளைக்கி மறந்துடிச்சி. ஒக்காரச் சொல்லுங்க டீச்சர்."

அப்போது ஜன்னலுக்கு வெளியே இருந்து மூன்றாவது வசனம் வந்தது.

உன் கால் தள்ளாட அவர் விடமாட்டார் என்கிற வசனம். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, வீட்டுச் சுவரில் சாய்ந்து சொல்லுகிற அதே குரல்.  நான் நாலாவதைச் சொன்னேன். ஐந்தாவது வெளியே இருந்து வந்தது. ஆறாவதைச் சொன்னேன். ஏழாவதில் அவர் குரல் நடுவில் உடைந்தது, கொஞ்சம் பொறுத்துச் சொல்லி முடித்தார். எட்டாவது என்னுடையது. வாயைத் திறந்தேன், வசனம் வரவில்லை. அழுகையா சந்தோஷமா என்று கேட்காதீர்கள், இரண்டும்தான்.

பெண்கள் பக்கத்தில் வாங்கு கிறீச்சிட்டது. அம்மா எழுந்து நின்றாள். கோயிலில் தனியாக ஒரு வார்த்தை பேசியறியாதவள். கையில் வேதாகமம் இல்லை, பலிபீடத்தையும் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு எட்டாவதைச் சொன்னாள். நீ போகும்போதும் வரும்போதும் இனி என்றைக்கும் கர்த்தர் காப்பார் என்கிற வசனம். சொல்லிவிட்டு உட்காரவில்லை.

"நான் தப்பா நெனச்சிட்டேங்க" என்றாள், அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "அது கொக்கோ மணம். நான் ஒங்களக் கேட்டிருக்கணும். உள்ள வாங்க."

எஞ்சின் மூடி சாத்துகிற சத்தம் கேட்டது. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவரோடு அந்த மணமும் வந்தது, பழங்களின் மணத்தையெல்லாம் அமுக்கிக்கொண்டு. மூப்பர் மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை, மூப்பர் ஆயிற்றே. ஆனால் தன் கோட்டைச் சுருட்டிக்கொண்டு வாங்கில் நகர்ந்து பாதி இடம் கொடுத்தார். போதகர்தான் படியிலிருந்து இறங்கி வந்து அப்பாவின் கையைப் பிடித்து, "என்ன மன்னிச்சிருங்கண்ணே" என்றார். பிறகு சங்கீதத்தை எல்லாரும் முதலிலிருந்து வாசிப்போம் என்றார். ஆண்கள் பக்கம் தடதடவென்று ஆரம்பித்தது.

அன்று வீட்டில் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு முப்பத்து மூன்று வருஷம் அந்த இடத்தில்தான் உட்கார்ந்தார். அவர் போன பிறகு அம்மாவுக்கு ஒற்றைப்படை வசனங்களைச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று நான் கேட்டேன். "எனக்கு எதுக்குடி அது?" என்றாள். கடைசி வரைக்கும் விட்டு விட்டுத்தான் சொன்னாள். இப்போது அவளும் இல்லை, அந்தக் கறுப்பு வேதாகமம் எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ தெரியாது.

ஆகவே பரிசுக்காரரே, என் போன் பழுதில்லை. எட்டு வசனமும் எனக்குப் பாடம். இன்னொரு தரம் போட்டுக் கேளுங்கள், சத்தமில்லாத இடம் வரும்போது அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். அது அப்பாவுடைய முறை.